காட்டு விடுதிக்குப் புறப்படுமுன்

திருநெல்வேலியிலிருந்து வடக்கே மதுரை நோக்கிச் செல்லும் பெருவழியில் கயத்தாறு என்னும் ஊர் உள்ளது. வீரபாண்டியக் கட்டபொம்மன் 1799-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் தூக்கிலிடப்பட்ட ஊர் என்று வரலாற்றுப் பாடத்தில் அதனைப் படித்திருப்பீர்கள். அவ்வூரைச் சூழ்ந்து கிடப்பது கரிசல் நிலம். மழை பெய்தால் அந்நிலம் நடப்பவன் காலை விடாது; மழை பொய்த்தால் வெடித்து வாய்விரித்துக் கிடக்கும். பருத்தியும் கம்பும் உளுந்தும் விளையும் அந்த மேட்டில் நின்று, வானம் தெளிந்த காலைப்பொழுதில் மேற்கே நோக்கினால் அடிவானத்தில் நீலக்கோடு ஒன்று தெரியும். அதுவே மேற்குத் தொடர்ச்சி மலை. கரிசற் பிள்ளைகள் அக்கோட்டைப் பார்த்தே வளர்கின்றனர். அதனருகே சென்று வந்தவர் சிலரே.

அம்மலைக்குச் சென்று, வனத்துறையின் ஓய்வு விடுதியில் இரண்டு இரவு தங்கி வருவதற்கு எவ்வாறு ஏற்பாடு செய்வது என்பதே இப்பாடத்தின் பொருள். “இதில் கற்பதற்கு என்ன இருக்கிறது? மூட்டையைக் கட்டிக்கொண்டு பேருந்தில் ஏறினால் போயிற்று!” என்று உங்களுள் ஒருவர் எண்ணக்கூடும். நானும் ஒருகாலத்தில் அவ்வாறே எண்ணியவன்தான்.

முதலில், செல்லும் இடத்தைப் பற்றிச் சிறிது சொல்கிறேன். திருநெல்வேலியிலிருந்து மேற்கே சேரன்மாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் ஆகிய ஊர்களைக் கடந்தால் பாபநாசம் வரும். அங்கே மலையடிவாரத்தில் வனத்துறையின் சோதனைச் சாவடி இருக்கிறது. அதற்கு அப்பால் மலைப்பாதையில் ஏறினால் முண்டந்துறை என்னும் மேட்டுநிலத்தை அடையலாம். 1962-ஆம் ஆண்டில் முண்டந்துறையும், 1976-ஆம் ஆண்டில் அதன் தெற்கே உள்ள களக்காடும் விலங்குகளின் புகலிடங்களாக அறிவிக்கப்பட்டன. 1988-ஆம் ஆண்டில் இவ்விரண்டும் இணைந்து களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் ஆயின. புலி, சிறுத்தை, யானை, கரடி, காட்டெருமை, மிளா ஆகியவை அங்கே வாழ்கின்றன. உயர்ந்த சோலைகளில் சிங்கவால் குரங்கும், பாறைச் சரிவுகளில் வரையாடும் உண்டு. காரையாறு, சின்ன மயிலாறு, இஞ்சிக்குழி முதலிய குடியிருப்புகளில் காணிக்காரர் என்னும் மலைவாழ் மக்கள் வாழ்ந்து வருகின்றனர். பழந்தமிழ் நூல்கள் பொதியம் என்று போற்றும் மலை இதுவே.

இம்மலைக்கும் கரிசல் காட்டிற்கும் என்ன உறவு என்று கேட்கிறீர்களா? கோவில்பட்டி நகரத்தார் குடிக்கும் நீர், சீவலப்பேரியில் தாமிரபரணியிலிருந்து எடுக்கப்பட்டுக் குழாய் வழியே கரிசல் மேட்டிற்கு ஏறி வருவது. அந்தத் தாமிரபரணி பிறப்பது இம்மலையில். 1880-களில் ஹார்வி என்னும் உடன்பிறந்தார் பாபநாசத்தின் அருகே நூற்பாலை நிறுவியபோது, மலையிலிருந்து விழும் நீரின் விசையைக் கொண்டே அதனை ஓட்டினர். கீழ்த்திசைக் கரிசலில் பருத்தி வெடித்தது. மேற்றிசை மலையின் நீர் அதனை நூலாக்கிற்று. கோடையிலும் அந்த ஆறு முற்றும் வற்றாமைக்குச் சோலைகளும் ஒரு காரணம். ஆண்டுக்கணக்கில் உதிர்ந்து மக்கிய இலைகள் அங்கே மெத்தைபோல் படிந்துள்ளன. பெய்யும் மழையைப் பஞ்சு உறிஞ்சுவதுபோல் அம்மண் உறிஞ்சி வைத்துக்கொண்டு, ஊற்றாகவும் ஓடையாகவும் சிறிது சிறிதாக வெளியிடுகிறது. நம் வீட்டுக் குடத்து நீரின் பிறந்த வீட்டிற்கு விருந்தினராகச் செல்கிறோம் என்று கொள்ளுங்கள்.

இனி, நான் செய்த முதற் பயணத்தைச் சொல்கிறேன். அப்போது நான் கரிசல் நாட்டுப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியனாக இருந்தேன். 1995-ஆம் ஆண்டு டிசம்பர் இறுதி வாரத்தில், மாணவர் பன்னிருவரையும் உடனாசிரியர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு முண்டந்துறைக்குச் சென்றேன். டிசம்பரை ஏன் தேர்ந்தேன்? அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தது. வேறு காரணம் இல்லை. பள்ளியின் நாட்காட்டியைப் பார்த்தேனேயன்றி மலையின் நாட்காட்டியைப் பார்த்தேனல்லேன்.

மூட்டை கட்டுவதில் மட்டும் குறைவில்லை. மலை என்றாலே குளிர் என்று எண்ணி, ஆளுக்கு இரண்டு கம்பளி கொண்டுவரச் சொன்னேன். முண்டந்துறையோ கடல்மட்டத்திற்குச் சில நூறு மீட்டரே உயர்ந்த மேட்டுநிலம். ஓர் ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறு பாகை குறையும் என்பது பூகோளப் பாடத்தில் உள்ள செய்திதான்; அதனைக் கொண்டு கணக்கிட்டிருந்தால் ஒரு போர்வையே போதும் என்று அறிந்திருப்பேன். பதினான்கு பேருக்கு இருபத்தைந்து கிலோ அரிசி கட்டினோம். பாதிக்கு மேல் திரும்பி வந்தது. கைவிளக்கு ஒன்றே ஒன்று. அதற்கும் மாற்றுப் பாட்டரி இல்லை. கயிறு ஒருமுழம்கூட இல்லை. தின்பண்டப் பை ஒன்றை முதல் நாளே குரங்குகள் சன்னல் வழியே கவர்ந்து சென்றன. மாணவர் சிரித்தனர்; நானும் சிரித்தேன். ஆயின், அடுத்த நாள் நிகழ்ந்தது சிரிப்பதற்குரியது அன்று.

விடுதிக்குச் சிறிது தொலைவில் ஓடை ஒன்று ஓடி ஆற்றிற் கலந்தது. தெளிந்த நீர், முழங்காலுக்கும் குறைந்த ஆழம். “ஓடைக்கு அப்பால் பிள்ளைகளை விட வேண்டாம், ஐயா” என்று வனக்காவலர் காலையிலேயே சொல்லியிருந்தார். யானையை நினைத்து அவ்வாறு சொல்கிறார் என்று நான் கருதினேன். நண்பகலுக்குப்பின், எதிர்க்கரை மரத்தில் மலையணில் ஒன்று தாவக் கண்டு, “பார்த்துவிட்டு உடனே வந்துவிடுகிறோம், ஐயா” என்று மாணவர் மூவர் கேட்டனர். நான் தலையசைத்தேன். அவர்கள் நீரைக் கடந்து அக்கரை ஏறினர்.

எங்கள் தலைக்குமேல் வானம் வெளுத்திருந்தது. வெயிலும் அடித்தது. மேற்கே மலைமுகடு மட்டும் கறுத்திருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. சற்று நேரத்தில் ஓடை நீர் கலங்கிற்று. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. அதனைக் கண்ட வனக்காவலர், “மேலே ஏறுங்கள்! கரையை விட்டு மேலே ஏறுங்கள்!” என்று கூவிக்கொண்டு ஓடி வந்தார். அவர் எங்களை அடைவதற்குள், பல மாட்டுவண்டிகள் ஒருங்கே வருவது போன்ற ஓசை கேட்டது. முழங்காலளவு இருந்த நீர் நோக்கி நிற்கும்போதே ஆளுயரம் ஆயிற்று. அதன் நிறம் செம்மண் கரைத்தது போன்றது. அடிமரம் ஒன்று அதில் உருண்டு சென்றது. எங்களுக்கும் அம்மூவருக்கும் இடையே பத்தடி அகலத்தில் ஓடிய நீர் இப்போது முப்பதடி அகலத்தில் ஓடிற்று.

மூவருள் ஒருவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன், நல்ல நீச்சற்காரன். கரிசல் நாட்டுக் கிணறுகள் எவ்வளவு ஆழமானவை என்பதை அறிவீர்கள். அவற்றின் மேல்விளிம்பிலிருந்து தலைகீழாகப் பாய்ந்து, அடிமண்ணை அள்ளி வருபவன் அவன். “நான் நீந்தி வந்துவிடுகிறேன், ஐயா!” என்று அவன் கைகளை உயர்த்திக் கூவினான். புறப்பட்ட நாளில் அவனுடைய தாயார் பேருந்து நிலையத்திற்கு வந்து, “உங்களை நம்பித்தான் அனுப்புகிறேன், ஐயா” என்று சொன்னது என் நினைவுக்கு வந்தது. எனினும், உண்மையை மறையாது சொல்கிறேன்: அவனை வரச்சொல்ல என் நா எழுந்தது. அவன் நீந்தும் திறத்தை நான் கண்ணாற் கண்டிருந்தேன். அவர்களை இக்கரை சேர்த்துவிட்டால் போதும் என்று உள்ளம் துடித்தது.

வனக்காவலர் என் தோளைப் பற்றினார். “கிணற்று நீச்சல் இங்கே உதவாது, ஐயா. கிணற்றில் நிற்பது தண்ணீர். இங்கே ஓடுவது கல்லும் கட்டையும். ஓடை வந்த வேகத்திலேயே வடிந்துவிடும். அவர்களை மேலே ஏறி உட்காரச் சொல்லுங்கள்” என்றார்.

அம்மாணவர்களை உயர்ந்த பாறைமேல் ஏறி அமருமாறு கூவிச் சொன்னோம். நீரின் ஓசையில் எங்கள் குரல் அவர்களை எட்டவில்லை. கையசைத்துக் காட்டினோம். நீச்சற்காரன் ஒருமுறை நீர் விளிம்புவரை இறங்கினான். மற்ற இருவரும் அவன் சட்டையைப் பற்றி இழுத்தனர். பிறகு மூவரும் பாறைமேல் அமர்ந்தனர். அப்போது மணி மூன்று. நீர் மீண்டும் முழங்காலளவிற்கு இறங்கியபோது மணி ஐந்தரை. வனக்காவலர் நீண்ட மூங்கிற் கழியை ஊன்றிக்கொண்டு அக்கரை சென்றார்; ஒவ்வொருவராகக் கைப்பிடித்து அழைத்து வந்தார். இருள் கவிவதற்கு ஒரு நாழிகைகூட இல்லை. அந்த இரண்டரை மணி நேரத்தில் யான் பெற்ற அறிவு, அதற்குமுன் பல நூல்களைக் கற்றும் பெறாதது.

மலைமேல் பெய்யும் மழை அடிவாரத்தில் நிற்பவன் கண்ணுக்குத் தெரியாது. இந்த எளிய உண்மையைக் கரிசல் நாட்டான் எவ்வாறு அறிவான்? எங்கள் ஊரில் மழை பெய்தால் தலைமேல்தான் பெய்யும். பெய்த பின்புதான் ஓடையில் நீர் வரும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிப்பது. 1992-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் இம்மலையிற் கொட்டிய மழையால் தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்து கரையோர ஊர்களைச் சூறையாடிற்று. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களிலோ, கடற்கரையில் உள்ள காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. தாமிரபரணி மீண்டும் கரைகடந்தது. டிசம்பர் மாதத்து வானத்தை நம்பி ஓடையோரம் நிற்பவன் கணக்கறியாதவன். முண்டந்துறைப் பகுதியில் ஓடும் ஆற்றுக்கு மேலே அணைகள் இருத்தலால், மழை இல்லாத நாளிலும் நீர் திறந்துவிடப்பட்டால் ஆறு திடீரென உயரும். இதனையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

இரண்டு ஆண்டுகள் கழித்து மாணவர் மீண்டும் என்னைச் சூழ்ந்துகொண்டனர். மறுத்துவிடலாம் என்றே எண்ணினேன். அன்று பாறைமேல் அமர்ந்திருந்த நீச்சற்காரன் அப்போது பதினோராம் வகுப்பில் இருந்தான். “அன்று நாம் எதையும் கேட்காமல் போனோம், ஐயா. இம்முறை கேட்டுவிட்டுப் போவோம்” என்றான் அவன். ஏற்பாடுகள் அனைத்தையும் மாணவரே செய்தல் வேண்டும். நான் வினாக்களை மட்டுமே கேட்பேன் என்று உடன்பட்டேன்.

எப்போது செல்வது என்பது முதல் வினா. ஜூன் முதல் செப்டம்பர் வரை மலையில் தென்மேற்குப் பருவமழை. அட்டைகள் காலில் ஏறும். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குப் பெருந்திரள் வரும். அக்காலத்தில் வனத்தை அமைதியாகக் காண இயலாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை எப்படிப்பட்ட காலம் என்பதைப் பட்டறிந்துவிட்டோம். மார்ச்சுக்குப்பின் புல் காய்ந்து காட்டுத்தீக்கு அஞ்ச வேண்டியிருக்கும். எஞ்சியவை ஜனவரியும் பிப்ரவரியும். 1998-ஆம் ஆண்டில் குடியரசு நாள் திங்கட்கிழமையில் வந்தது. சனி, ஞாயிறு, திங்கள் என மூன்று நாட்கள் கிடைத்தன.

அடுத்தது அனுமதி. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, புகலிடக் காட்டினுள் நம் விருப்பப்படி நுழைதல் ஆகாது. வனத்துறை அலுவலகத்திற்கு முன்கூட்டியே எழுதி, எத்தனை பேர், எந்தெந்த நாள் என்பவற்றைத் தெரிவித்து, இசைவு பெற வேண்டும். எந்த விடுதியில் தங்கலாம், கட்டணம் எவ்வளவு என்பவை காலத்திற்கேற்ப மாறுபவை. எனவே பிறர் சொல்லக் கேட்டதை நம்பாமல் அலுவலகத்திலேயே கேட்டறிதல் நன்று. விலங்குக் கணக்கெடுப்பு நாட்களில் வெளியாரை உள்ளே விடமாட்டார்கள். மாலையானால் சாவடியும் மூடப்படும். ஆதலால், நண்பகலுக்குள் பாபநாசம் சேருமாறு பேருந்து நேரங்களை மாணவர் குறித்துக்கொண்டனர்.

உணவுக் கணக்கைச் செய்தவன் எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன். அவன் தந்தை ஊரில் மளிகைக் கடை வைத்திருந்தார். “ஒருவருக்கு ஒருவேளைக்கு நூற்றைம்பது கிராம் அரிசி. முதல் நாள் பகலுக்குக் கட்டுச்சோறு. திரும்பும் நாள் பகலுக்கு அம்பாசமுத்திரத்தில் உணவு விடுதி. இடையில் ஐந்து வேளை. பதினான்கு பேருக்குப் பத்தரைக் கிலோ” என்று விரல்விட்டுச் சொல்லி முடித்தான். அவசரத்திற்கு ஒரு கிலோ கூட்டிக்கொண்டோம். கட்டுச்சோறாகப் புளியோதரையும் துவையலும். இடைவேளைக்குக் கோவில்பட்டிக் கடலைமிட்டாய். தின்பண்டங்களைப் பைகளில் வையாமல் மூடியிட்ட தகர டப்பாக்களில் வைக்க வேண்டும் என்பது குரங்குகள் கற்பித்த பாடம். கொண்டுசெல்லும் தாள், உறை, டப்பா ஆகியவற்றை எண்ணிக் குறித்து, அத்தனையையும் ஊருக்கே திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்றும் முடிவு செய்தனர். உப்பின் சுவைக்காக மானும் மிளாவும் நெகிழிப் பையைத் தின்றுவிட்டு மாள்வது உண்டு.

தீமூட்டிக் குளிர்காயலாமா என்று ஒருவன் கேட்டான். புத்தகப் படங்களில் அவ்வாறு கண்டிருப்பான் போலும். காய்ந்த காட்டில் ஒரு பொறி போதும்; சோலை மண்ணிற் படிந்த இலைமெத்தை கரிந்துவிட்டால், அது மீண்டும் உண்டாக எத்தனை ஆண்டுகள் ஆகும்? விடுதியின் அடுப்பைத் தவிர வேறெங்கும் தீ இல்லை என்று எழுதிக்கொண்டனர்.

உடை, போர்வை முதலியவற்றைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை. ஆளுக்கு ஒரு போர்வை, மாற்றுடை இரண்டு, கண்ணைப் பறிக்கும் நிறங்கள் இல்லாமை, அவ்வளவே. கைவிளக்குகள் நான்கு, ஒவ்வொன்றிற்கும் மாற்றுப் பாட்டரி, நீண்ட கயிறு ஒன்று, ஊதல் இரண்டு கொண்டோம். நீரோசையில் மனிதக்குரல் எட்டாது. ஊதலின் ஒலி எட்டும். மருந்துப் பெட்டியும் இருந்தது. பாம்பு தீண்டினால் கீறுவதோ கட்டுவதோ வாயால் உறிஞ்சுவதோ கூடாது. தீண்டப்பட்டவரை அசையாமல் வைத்து, விரைந்து அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். அக்காலத்தில் எங்களிடம் கைப்பேசி இல்லை. இக்காலத்தில் உங்களிடம் இருப்பினும், மலைக்காட்டில் பல இடங்களில் அது பேசாது. ஆகவே எங்கே செல்கிறோம், எப்போது திரும்புவோம் என்பதை எழுதி, ஒவ்வொரு வீட்டிலும் கொடுத்துவிட்டுப் புறப்பட்டோம்.

இத்தனைக்கும் மேலாக மாணவர் ஒரு விதியைத் தாமே எழுதினர். வனக்காவலர் ‘வேண்டாம்’ என்றால் காரணம் கேட்பதற்குமுன் நிற்க வேண்டும். காரணத்தை நின்றபின் கேட்கலாம் என்பது அது. அதனை எழுதியவன் யார் என்று நான் சொல்ல வேண்டுவதில்லை.

குறித்தபடியே சென்றோம். சனிக்கிழமை இரவு, விடுதித் திண்ணையில் விளக்கை அணைத்துவிட்டு அமர்ந்திருந்தோம். பேசுவதில்லை என்பது ஏற்பாடு. முதலில் பிள்ளைகளுக்கு அது கடினமாக இருந்தது. பின்னர் காடு பேசத் தொடங்கிற்று. தொலைவில் மிளா ஒன்று குரல் கொடுத்தது. மூங்கில் முறியும் ஒலி கேட்டது. யானை என்று வனக்காவலர் மெல்லச் சொன்னார். மீன்கள் விழுந்துவிட்டனவோ என்னும்படி வானத்தில் அத்தனை விண்மீன்கள் நெருங்கிக் கிடந்தன. முதற் பயணத்தில், பாட்டும் கூச்சலுமாக இருந்த நாங்கள் இவற்றுள் ஒன்றையும் கேட்டோமல்லோம்.

மறுநாட் காலை, அதே வனக்காவலர் எங்களை ஓடைக்கரைக்கு அழைத்துச் சென்றார். கணுக்காலளவு நீர், கற்களுக்கிடையே நெளிந்து ஓடிற்று. ஒரு தாவில் கடந்துவிடலாம். உணவுக் கணக்குச் செய்த சிறுவன் அதனைப் பார்த்துவிட்டு, “இந்த ஓடைக்கா ஐயா, அன்று நீங்கள் எல்லாரும் அஞ்சினீர்கள்?” என்று கேட்டான். வனக்காவலர் மறுமொழி சொல்லவில்லை. கரையில் நின்ற மருதமரத்தின் கிளையைச் சுட்டிக் காட்டினார். அச்சிறுவனின் தலைக்கு மேலே, எட்டாத உயரத்தில், வெள்ளம் கொண்டுவந்து சொருகிய சருகும் சுள்ளியும் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தன.